டியோடாண்ட் (deodand): தமிழில் எப்படிச் சொல்வது? ஒருவரின் சாவுக்குக் காரணமான பொருளை அரசர் பறித்துக்கொள்வது இங்கிலாந்தின் பழைய சட்டம். அப்படிப் பறிபோகும் பொருள்தான் டியோடாண்ட்.

> 'கொலைப்பொருள்' போதுமே. ஆளைக் கொன்ற பொருள்தானே?

போதாது ஐயா. கொலைப்பொருள் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் சாக்கில் கட்டி வைத்த அரிவாள்தான் கண்ணுக்கு வரும். டியோடாண்டில் பெரும்பாலும் கொலையே இல்லை, விபத்துதான். வண்டி ஏறி ஒருவர் செத்தால், வண்டிக்காரர் மேல் தப்பே இல்லாவிட்டாலும் வண்டி போச்சு. இல்லாவிட்டால் ஜூரி மதிப்பிட்ட விலையைக் கட்ட வேண்டும்.

எவ்வளவு பறிப்பது என்பதிலும் கறார்க் கணக்கு உண்டு. வண்டிச் சக்கரத்தில் கால்வைத்து ஏறப் போய் விழுந்து செத்தால் சக்கரம் மட்டும். ஓடுகிற வண்டியின் சக்கரம் ஏறிச் செத்தால் வண்டியும் அதிலிருக்கும் பாரமும் சேர்த்து என்கிறார் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன். பாரமும்தானே சக்கரத்தை அழுத்தியது!

இதெல்லாம் கட்டை வண்டிக் காலத்துக்குச் சரி. 1841 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தின் சோனிங்கில், தண்டவாளத்தில் சரிந்து கிடந்த மண்ணில் கிரேட் வெஸ்டர்ன் ரயில் மோதி 9 பேர் இறந்தார்கள். இன்ஜினுக்கும் பெட்டிகளுக்குமாக ஜூரி வைத்த விலை 1000 பவுண்டு. ரயில் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1846-இல் நாடாளுமன்றம் டியோடாண்டை ஒழித்தது. இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்க வழிசெய்த சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான்.

> லத்தீன் மூலத்தில் கடவுள் இருக்கிறாரே, 'தெய்வக்கொடை' எனலாமா?

'கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது' என்பதுதான் மூலம், உண்மை. ஆனால் கொடை மனமுவந்து தருவது, இது பிடுங்குவது. தவிர, திருநெல்வேலிக்காரர்கள் எந்தக் கோயிலில் கொடை என்று கேட்பார்கள். அறச்செலவுக்கு என்று பேர் சொன்னாலும் பொருள் போய்ச் சேர்ந்தது அரசரிடம்.

அதனால் என் பரிந்துரை: இறையுறுபொருள். 'இறை' என்றால் கடவுள், அரசன், வரி மூன்றும். இங்கே மூன்றும் வேண்டியிருக்கிறது. வேந்தன் பொருளை அடுக்கும் குறள் 756 'உறுபொருள்' (தானே வந்து சேரும் பொருள்) என்றுதான் தொடங்குகிறது. அதற்குப் பரிமேலழகர் காட்டுவது புதையலையும் வாரிசு இல்லாத சொத்தையும். எஸ்சீட்டுக்கு (escheat, வாரிசு இல்லாத சொத்து அரசுக்குப் போவது) அந்தச் சொல்லையே வைக்கலாம், அதைத் தனி இழையில் பேசுவோம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "இன்ஜின் இறையுறுபொருள் என ஜூரி முடிவு செய்தது." எனக்கு உறுத்தவில்லை. நீளம் என்றால் வேறு யோசிக்கலாம். 'இறைப்பொருள்' என்று மட்டும் சுருக்க வேண்டாம். சட்ட மாணவர் சைவ சித்தாந்த வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுவார்.