புதுப்பிப்பு: குழந்தைப் படம் மங்கலாக வந்த பிரச்சினை தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் பகலிலும் லைட் வேண்டும், தவழும் எட்டு மாத மகளை மொபைலில் எடுத்தால் எல்லாமே கலங்கலாக வருகிறது, என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "ஷட்டரை (படம் பதியும் நேரம்) 1/250 நொடியைவிட மெதுவாக்காதே, ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) கூட்டு" என்ற யோசனைதான். மொபைல் கேமராவில் இவற்றை நாமே மாற்றக்கூடிய புரோ மோடில் ஷட்டர் 1/320, ஐஎஸ்ஓ 1600 வைத்தேன். கலங்கல் போய்விட்டது, கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தது.

எதிர்பாராதது ஒன்று: படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். போன் போச்சு என்றே நினைத்தேன். காரணம் பழைய டியூப்லைட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. வேகமான ஷட்டர் அதைப் பிடித்துவிடுகிறது. 1/100 வைத்தால் பட்டை இல்லை, ஆனால் இவள் கை ஆடிவிடுகிறது. சரி என்று லைட்டையே அணைத்தேன். மேற்குப் பார்த்த வாசல், காலையில் நேர் வெயில் விழாது. கதவைத் திறந்து, நிலைப்படிக்கு ஒரு முழம் உள்ளே பாய் போட்டு உட்காரவைத்தேன். ஐஎஸ்ஓ 400 போதுமானதாகிவிட்டது. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு ஓரத்தில் தீற்றியிருப்பதுகூடத் தெரிகிறது!

தரையில் குப்புறப் படுத்து அவள் கண் மட்டத்தில் எடுக்கச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று பதறிவிட்டார். கிலுகிலுப்பை எடுபடவில்லை. எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டினால் உடனே திரும்புகிறாள்.