பொருள்: ‘ட்ரியாஜ்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருச்சியிலிருந்து:
வணக்கம். செவிலியர் பயிற்சிக் கையேட்டில் ஓர் இயலைத் தமிழாக்குகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 2020 மார்ச்சில் இத்தாலியின் லோம்பார்டியில் கொரோனா நோயாளிகளால் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிரம்பிக்கொண்டிருந்தபோது, இத்தாலிய மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் 6ஆம் தேதி ஒரு பரிந்துரை வெளியிட்டது. முதலில் வந்தவருக்கே முதலிடம் என்பது இனிச் செல்லாது, பிழைக்கும் வாய்ப்பைப் பார்க்க வேண்டும், வயது வரம்பு வைக்கவும் நேரலாம் என்றது. இப்படி யாருக்கு முதலில் சிகிச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பதுதான் ‘ட்ரியாஜ்’; இந்த இயல் முழுக்க அது வருகிறது. ‘வகைப்படுத்தல்’ என்று போட்டேன், நூலகப் பட்டியல் போல இருக்கிறது.

தஞ்சையிலிருந்து:
தம்பி, சொல் அடுக்களையிலேயே இருக்கிறது: ஆய்தல். கீரை ஆய்கிறோமே! பிரெஞ்சு மூலத்துக்கும் பிரித்தெடுத்தல்தான் பொருள். ‘ஆயிழை’ என்றால் ஆய்ந்தெடுத்த அணி. ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்’ நான்கும் ‘உள்ளதன் நுணுக்கம்’ (இருப்பது நுண்மையாவது) என்கிறது தொல்காப்பிய உரியியல். ஆய்த எழுத்தின் பெயரும் இந்த வேர்தான் என்பேன். ‘இவன்முடிக்கும் என்றாய்ந்து’ என்ற குறளில் ஆளைத் தேர்வதற்கும் இதே வினை. ‘ஆய்முறை’ என்று வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, ‘ஆய்முறை’ எண்டால் வாட்டில ஆராய்ச்சி நடக்குது எண்டுதான் சனம் நினைக்கும். அதைவிட, கீரை ஆயேக்க நாங்கள் கழிக்கிறது அழுகலையும் முற்றலையும். வென்டிலேட்டர் கிடைக்காமல் போற எண்பது வயது அம்மாவை அந்தச் சொல் எங்க வைக்குது? அதிதீவிர சிகிச்சைப் பிரிவில கனகாலம் வேலை செய்தனான், எனக்கு மனம் ஒப்பேல்லை. ‘முன்னுரிமைப்படுத்தல்’ எண்டு போடுங்கோ, எல்லாருக்கும் விளங்கும்.

கோவையிலிருந்து:
அக்கா சொல்வது சரி. ஆனால் ‘முன்னுரிமை’யிலும் அதே சிக்கல். ஒருவருக்கு முன்னுரிமை என்றால் மற்றவருக்கு உரிமை குறைந்தா போயிற்று? உரிமை சமம்; கருவிதான் போதவில்லை. ‘முறைவகுப்பு’ என்றால் என்ன? ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்பதில் முறை நீதியே. இருவர் நிலையும் ஒன்றாயிருந்தால் குலுக்கல் போடலாம் என்று அறவியலாளர் சிலர் எழுதியிருக்கிறார்கள். நம் குடவோலை அதுதானே?

தஞ்சையிலிருந்து:
உத்திரமேரூரில் எல்லோர் பெயரும் குடத்தில் விழவில்லை. காணி, சொந்த மனை, கல்வி பார்த்தார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். பராந்தகன் காலக் கல்வெட்டிலேயே வயது வரம்பு இருக்கிறது.

திருச்சியிலிருந்து:
ஐயா, அது பதவிக்கு, இது உயிருக்கு. ‘முறை’யில் எனக்கொரு தடை: ‘என் முறை எப்போது’ என்று வரிசையில் நிற்பவர் கேட்கும் சொல் அது. இத்தாலியர் விலக்கியது அந்த வரிசையைத்தான். நாளை காலை அனுப்பியாக வேண்டும். தனி மடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் ‘முன்னுரிமைப்படுத்தல்’ என்கிறார்கள். அதையே வைத்து, அது முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ட்ரியாஜ்’ சேர்க்கிறேன்.

கோவையிலிருந்து:
என் மறுப்பு இழையில் இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் ஓர் அடிக்குறிப்பாவது சேருங்கள்: படுக்கை கிடைக்காதவருக்கும் வலி தணிக்கும் மருந்தும் பக்கத்தில் ஓர் ஆளும் உண்டு என்று. இந்தச் சொல் அதைச் சொல்லவில்லை.