ரோட் ஐலண்ட் ரெட்: பழைய வழியா, பொரிப்பக வழியா? உங்கள் அனுபவம் என்ன?

ரோட் ஐலண்ட் ரெட் கோழி இனத்தில் பழைய வழி என்றால் பாரம்பரிய வம்சம்; பொரிப்பக வழி என்றால் குஞ்சு பொரித்து விற்கும் இடங்களில் முட்டைக்காக வளர்த்தெடுத்த வம்சம். நிறத்தைப் பார்த்தே பாரம்பரிய ரகத்தைச் சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு வழிகளையும் வளர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் பார்க்க வேண்டியது உடற்கட்டு. கோழி நிற்கும்போது பக்கவாட்டில் இருந்து கவனியுங்கள். பழைய வழி என்றால் முதுகு நீளமாக, தரைக்கு இணையாகப் போகும். உடம்பு ஒரு செங்கல்லைக் கிடத்தியது போல இருக்கும். பொரிப்பகக் கோழி சிறுத்து, முதுகு சரிந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் எடை. ஒவ்வொரு கோழி இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்துச் சொல்லும், 1904-இல் இந்த இனத்தைச் சேர்த்துக்கொண்ட அமெரிக்கத் தரநூல் சேவலுக்கு 8.5 பவுண்டு, பெட்டைக்கு 6.5 பவுண்டு சொல்கிறது; ஏறத்தாழ 3.9, 2.9 கிலோ. முட்டை எண்ணிக்கைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த கோழி அந்த எடைக்கு வருவது அரிது.

நிறமும் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. என்னிடம் உள்ள பழைய வழிச் சேவல் நிழலில் கறுப்பாகவே தெரியும். வெயிலுக்கு வந்தால்தான் அந்த அடர்சிவப்பு புரியும். பொரிப்பகத்துப் பெட்டைகள் பெரும்பாலும் வெளிர்சிவப்பு, சிலது ஆரஞ்சுப் பக்கம் போய்விடும்.

---

நான் வளர்ப்பது பார்டு பிளிமத் ராக் என்ற, கோடு போட்ட இறகுள்ள கோழி இனம். அதில் இறகை விரலால் விலக்கிப் பார்த்தால் போதும். நல்ல வழியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் நேராக, தெளிவாக, தோலை ஒட்டிய தூவி வரை இறங்கியிருக்கும். பொரிப்பகக் கோழியில் கோடு வளைந்து கலங்கி, தூரத்தில் மொத்தமாகச் சாம்பல் நிறமாகத் தெரியும். இன்னொன்று, பழைய வழிக் குஞ்சுகளுக்கு இறகு முளைக்க ரொம்ப நாள் ஆகும். நோய் என்று பயந்து மருந்து கொடுக்க வேண்டாம். மெதுவாக இறகு விடும் அந்தக் குணமும் கோட்டின் தெளிவும் சேர்ந்தே வருகிறவை.

---

மேலே இருவரும் சொன்னது வளர்ந்த கோழிக்குச் சரி. ஒரு நாள் குஞ்சில் இது எதுவுமே தெரியாது. வளர்த்த பிறகு முட்டையிடும் வயது காட்டிக்கொடுக்கும்: பொரிப்பக வழி ஐந்து மாதத்தை ஒட்டியே தொடங்கிவிடும், பழைய வழி அதைவிடத் தாமதம். ஆனால் அதற்குள் தீனிச் செலவு முடிந்துபோயிருக்கும். அதனால் குஞ்சு வாங்கும் முன்பே தாய் தகப்பனை நேரில் காட்டச் சொல்கிறேன். எத்தனை வருடமாக வெளிச் சேவல் கலக்காமல் வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டுவிடுகிறேன்.