மகளின் விவரத்தைப் பன்னாட்டுப் பதிவேட்டில் சேர்க்கலாமா?

தேனி அப்பா:
மகளுக்கு ஏழு வயது. முழங்காலிலும் முழங்கையிலும் மஞ்சள் மஞ்சளாகப் புடைப்புகள். மரு என்று நினைத்து ஒரு வருடம் களிம்பு போட்டோம். கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 612. லேபில் நம்பாமல் மறுபடி எடுத்தார்கள், 605. பரம்பரையாக வரும் கடும் கொழுப்பு நோயாம் (ஹோமோசைகஸ் எஃப்எச்), பழுதான மரபணு எங்கள் இருவரிடமிருந்தும் வந்ததாம். நாங்கள் அத்தை மகள், மாமன் மகன் முறை.

இப்போது, பல நாட்டு நோயாளிகளின் விவரத்தை ஆய்வுக்காகச் சேர்க்கும் பன்னாட்டுப் பதிவேட்டுக்கு ஒன்பது பக்க ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். “நாளைக்குக் கல்யாணம் பேசும்போது வெளியே தெரிஞ்சா?” என்கிறார் என் அம்மா. எனக்கோ, இதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

மாத்திரை டப்பா:
எனக்கும் இதே நோய்தான், வயது 33. பதிவேடு கொழுப்பைக் குறைக்கும் ஊசி வாங்கித் தராது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சுமார் மூன்று லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது இது. ஒரே ஊரில் உட்கார்ந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. 2022இல் 38 நாடுகளின் 751 நோயாளிகள் விவரம் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முதல் பெரிய இதயப் பாதிப்பின் இடைநிலை வயது பணக்கார நாடுகளில் 37, மற்ற நாடுகளில் 24.5. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணமும் அதிலேயே இருக்கிறது: கொழுப்பைக் குறைக்கும் சிகிச்சைகளில் மூன்று அல்லது அதற்கு மேல் கிடைத்தது பணக்கார நாடுகளில் 66 சதவீதம் பேருக்கு, மற்ற நாடுகளில் 24 சதவீதம் பேருக்கு. அந்தக் கட்டுரையை அச்செடுத்துத்தான் காப்பீட்டு விண்ணப்பத்தோடு இணைத்தேன்.

ஆய்வுச் செவிலி:
இப்படி ஒரு பதிவேட்டுக்கு விவரம் ஏற்றியவள் நான். பேர் போகவில்லை, ஒரு எண்தான். எந்த எண் யாருடையது என்பது எங்கள் மருத்துவமனையிலேயே இருந்தது. ஆனால் அபூர்வ நோய் என்பதால், ஊரும் பிறந்த தேதியும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை, கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாதியில் விலகலாமா என்பதையும் பாருங்கள்.

அப்புறம், எனக்கு அடிக்கடி காலியாகவே வந்த கட்டம், சிகிச்சைக்கு முன் எடுத்த எல்டிஎல். அந்த 612 சீட்டை விட்டுவிடாதீர்கள், மை மங்கும், போட்டோ எடுங்கள். வேறு பிள்ளை உண்டா? அந்தப் பிள்ளைக்கும் இதே நோய் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

தேனி அப்பா:
தம்பி இருக்கிறான், மூன்று வயது. அவனுக்குப் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாளைக் காலை கூட்டிப் போகிறேன். சீட்டு ரேஷன் கார்டு கவரில் இருந்தது, ‘6’ மட்டும் லேசாக மங்கியிருக்கிறது. படிவத்தில் முழுப் பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள். வருடம் மட்டும் போதுமா என்று திங்கட்கிழமை கேட்கிறேன்.