சாம்பிராணி போட்டால் டெலிகிராமில் மெசேஜ் வரும்

வியாசர்பாடியிலிருந்து:

கொடுங்கையூர் குப்பை மேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தால் எங்கள் தெருவில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திவிடுவோம். உள்ளே வருவது நாற்றம் மட்டுமா, புகையும் சேர்த்தா என்று தெரிந்துகொள்ளத்தான், காற்றில் தூசி கூடினால் ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பும் கருவி ஒன்றைச் செய்ய இறங்கினேன். ரிச்சி தெருவில் நோட்எம்சியூ போர்டும் (வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டர்) ஒயரும் கிடைத்தன. தூசி அளக்கும் பி.எம்.எஸ். 5003 சென்சாரை ஆன்லைனில் வாங்கினேன். உள்ளே ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கும்; லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறும்; சிதறலை வைத்து அது கணக்குப் போடும். ஃபேனுக்கு 5 வோல்ட் வேண்டும். டேட்டா லைன் 3.3 வோல்ட் என்பதால் போர்டில் நேராகவே கொடுத்துவிடலாம். விலை குறைவு என்று எம்.கியூ. 135 வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வாயு சென்சார், தூசியை அளக்கவே அளக்காது.

மெசேஜ் அனுப்புவது சுலபம். டெலிகிராமில் பாட் (தானாக மெசேஜ் அனுப்பும் கணக்கு) உருவாக்கித் தரும் பாட்ஃபாதரிடம் கேட்டால், அதற்கான சாவியாக ஒரு டோக்கன் தரும். நாம்தான் முதலில் 'ஸ்டார்ட்' கொடுக்க வேண்டும், பாட் அதுவாக நமக்கு எழுதாது. எப்போது அனுப்புவது என்பதில்தான் சிக்கல். பி.எம். 2.5-க்கு (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்) நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. இரண்டுமே 24 மணி நேரச் சராசரி. நொடிக்கு நொடி வரும் எண்ணை 60-உடன் ஒப்பிட்டால், அம்மா கடுகு தாளிக்கும்போதெல்லாம் குடும்ப குரூப்பில் அலாரம் அடிக்கும். அதனால் பத்து நிமிடச் சராசரி 90-ஐத் தாண்டினால் ஒரு மெசேஜ், 50-க்குக் கீழே இறங்கினால் இன்னொன்று, நடுவில் மூச்சு விடக் கூடாது என்று எழுதி வைத்தேன். ஒரே கோடாகப் போட்டால் எண் அதன் மேலும் கீழும் ஊசலாடும், ஃபோன் ஓயாது.

இப்போது வரும் மெசேஜ்களில் குப்பை மேட்டின் பங்கு குறைவுதான். கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, இவைதான் பெரும்பாலும். ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. சாத்திய படுக்கையறையில் எண் ஏறும் வேகத்தைப் பார்த்தால் அதை நம்பத்தான் தோன்றுகிறது. சுருளை நிறுத்தி வலை கட்டியாகிவிட்டது. சாம்பிராணி விஷயத்தில் அம்மா இறங்கி வரவில்லை. "சாமிக்குப் போடறதை எல்லாம் உன் மிஷின் கேள்வி கேக்கக் கூடாதுடா" என்கிறார். அந்த நேரத்தில் பால்கனிக் கதவு திறந்திருக்கும் என்ற அளவில் சமாதானம்.

திருவான்மியூரிலிருந்து:

மேலே எழுதியவர் ஈரப்பதத்தை விட்டுவிட்டார். கடற்கரைப் பக்கம் அது பெரிய தலைவலி. மார்கழி விடியலில் ஈரம் 90 சதவீதத்தைத் தொட்டால் துகள்கள் நீரை இழுத்துப் பருத்துவிடும். அரசு நிலையக் கருவிகள் காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகு அளப்பவை. நம்முடையது வந்ததை அப்படியே அளக்கும், எண் கூடுதலாகவே காட்டும். நான் பக்கத்தில் ஈரப்பதம் அளக்கும் பி.எம்.இ. 280 சென்சார் ஒன்றை வைத்திருக்கிறேன். ஈரம் 85-க்கு மேல் போனால் மெசேஜில் 'பனியாக இருக்கலாம்' என்று ஒரு வரி சேரும். திருத்தச் சூத்திரங்கள் உண்டுதான், ஆனால் வேறு ஊர்க் காற்றுக்குப் போட்ட கணக்கை இங்கே நம்ப மனம் வரவில்லை. ஆலந்தூர், வேளச்சேரி நிலையங்களின் எண்ணோடு ஏற்ற இறக்கம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

போகிக்கு மட்டும் அந்த வரியை எடுத்துவிடுவேன். அன்றைக்குப் பனியும் டயர் புகையும் கைகோத்து வரும். 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது பலருக்கு நினைவிருக்கும்.

வேளச்சேரியிலிருந்து:

ஏ.சி. போட்டுத் தூங்குபவர்கள் தூசியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் எஸ்.சி.டி. 41 சென்சாரை மாட்டிப் பார்த்தேன். வெளிக்காற்றில் அது 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) சொச்சம்; கதவைச் சாத்தி நாங்கள் மூன்று பேர் படுத்தால் விடிவதற்குள் 2000 தாண்டுகிறது. ராத்திரி மெசேஜை நிறுத்தி வைத்துவிட்டேன், தூங்குகிற ஆளை எழுப்பி என்ன சொல்வது? காலையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதைப் பார்த்த வீட்டம்மா, "கதவை ஒருக்களிச்சு வைங்க, ஜில்லுனு இல்லேன்னாலும் பரவாயில்லே" என்றார். இப்போது 1100 பக்கம் நிற்கிறது. கரண்ட் பில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.