நாம் மிச்சப்படுத்தும் டீசல் எங்கே போகிறது?

ஆட்டோ ஓட்டுநர், கொழிஞ்சாம்பாறை:
டீசல் ஆட்டோவைக் கொடுத்துவிட்டு மின்சார ஆட்டோ வாங்கி ஓராண்டாகிறது. முன்பெல்லாம் கேரள விலை கட்டுப்படியாகாமல் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய் டீசல் போடுவேன், நாளுக்கு நான்கு லிட்டர். இப்போது அவ்வளவும் மிச்சம். ஆளுக்கு நான்கு லிட்டர் விட்டால் உலகத்தில் எரிவது குறையாதா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர்:
தம்பி, உங்கள் பைக்கு மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் போடாத டீசல் பங்க் தொட்டியிலேயே தங்கிவிடாது. வாங்குவோர் குறைந்தால் விலை இறங்கும். இறங்கினால், இதுவரை கட்டுப்படியாகாமல் இருந்த இன்னொரு நாடு வாங்கும். அமெரிக்காவில் பாறை அடுக்குகளை உடைத்து எடுக்கும் ஷேல் எரிவாயு மலிந்ததும் மின் நிலையங்கள் நிலக்கரியைக் குறைத்தன. அந்த நிலக்கரி என்ன ஆனது? ஒரு பங்கு கப்பலேறி ஐரோப்பாவுக்கும் பிற நாடுகளுக்கும் போனது. 2012இல் அமெரிக்க நிலக்கரி ஏற்றுமதி அதுவரை காணாத உச்சம். அமெரிக்கக் கணக்கில் புகை குறைந்தது. வானத்துக்குப் போனது அந்த அளவுக்குக் குறையவில்லை.

விவசாயி, வடகரப்பதி:
சார் சொல்வது எங்கள் போர்வெல் கதைதான். தென்னைக்குச் சொட்டுநீர் போட்டேன். கறுப்புக் குழாயிலிருந்து தூரில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்தாலே மனம் நிறையும். நான் இறைக்காத நீரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் ஆழமாகத் துளைபோட்டு எடுத்துக்கொண்டார்.

ஆட்டோ ஓட்டுநர்:
எல்லாவற்றையுமா எடுத்துவிட்டார், அண்ணா? ஆழம் போகப் போகச் செலவு ஏறுமே. எண்ணெயும் அப்படித்தான். விலை இறங்கினால் செலவு கூடிய கிணறுகள் நின்றுபோகும். 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்றன. எண்ணெய் ஏற்றுமதி செய்யும் ஒபெக் கூட்டமைப்பு நாடுகளும் அவற்றின் கூட்டாளிகளும் மே மாதம் நாளுக்கு 97 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைத்தார்கள். அது மண்ணுக்குள்தானே இருந்தது? ஒரு பங்கு வேறு நாட்டுக்குப் போகும், ஒப்புக்கொள்கிறேன். முழுவதும் போய்விடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
எத்தனை நாள் இருந்தது? 2023இல் உலக எண்ணெய்ப் பயன்பாடு 2019ஐத் தாண்டிவிட்டது. கிணற்றையே மூட வேண்டும், தம்பி. 2023 ஆகஸ்டில் ஈக்வடார் மக்கள் யாசுனி காட்டு எண்ணெய் மண்ணிலேயே கிடக்கட்டும் என்று வாக்களித்தார்களே, அந்த மாதிரி.

ஆட்டோ ஓட்டுநர்:
அங்கே மூடினால் விலை ஏறும், வேறு நாட்டில் புதுக் கிணறு திறக்கும். டீசலே வேண்டாம் என்று விட்டவர்கள் நிறையப் பேர் இருந்தால்தான் அந்தக் கிணறு கட்டுப்படியாகாது, சார்.

விவசாயி, வடகரப்பதி:
எங்கள் பக்கம் பத்துத் தோட்டத்துக்காரர்கள் கூடி, இனிப் புதுத் துளை போடுவதில்லை என்று பேசிவருகிறோம். ஒன்பது பேர் சரி என்றுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை.