24 பேருக்கு ஆம்லெட்: முதல் நாளே செய்து வைக்க வழி உண்டா?

பால்கோவா (கேள்வி)

ஞாயிறு காலை 8 மணிக்கு வீட்டில் 24 பேருக்கு டிபன். இட்லியும் பிரெட்டும் இருக்கு, கூடவே ஆளுக்கு ரெண்டு முட்டைக் கணக்கில் ஆம்லெட் போடலாம்னு யோசனை. கையில் இருப்பது ரெண்டு பர்னர் அடுப்பு, ஒரு தோசைக்கல், 16 குழி இட்லிக் குண்டான், 30 லிட்டர் ஓடிஜி (மேசை மேல் வைக்கிற மின்சார அவன்). ஒவ்வொன்றா ஊற்றிக்கிட்டு நின்றால் பந்தி முடிய ஒன்பதரை ஆயிடும். சுட்டு ஹாட் பாக்ஸில் அடுக்கினால் சவசவன்னு ஆகி அடியில் தண்ணி நிற்குது. கலவையை மட்டும் ராத்திரியே கலக்கி வைக்கலாமா? முழுசாகச் செய்தே வைக்க வழி இருக்கா?

இட்லிக்குண்டான்

ராத்திரி சுட்டு காலை வரைக்கும் ஹாட் பாக்ஸில் வைப்பது ருசிக்கு மட்டுமில்லை, வயிற்றுக்கும் ஆகாது. முட்டைப் பண்டம் 60 டிகிரிக்கு மேலே இருக்கணும், இல்லைன்னா ஃபிரிட்ஜில் இருக்கணும். நடுவில் வெதுவெதுப்பா வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நம்ம ஊர் வெயிலில், 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

தண்ணி விடுவதற்குக் காரணம்: முட்டைப் புரதம் வேகும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஈரத்தை உள்ளே பிடிச்சு வைக்கும். அதுக்கு மேலே சூடு ஏறினால் பின்னல் இறுகி, பிடிச்ச ஈரத்தைப் பிழிஞ்சு வெளியே தள்ளும். ஹாட் பாக்ஸுக்குள் சூட்டோடு அடுக்கினால் மீதி வேக்காடு அங்கேயே நடக்குது. மூடியில் படிந்த ஆவியும் மேலே சொட்டும்.

உங்க கணக்குக்கு இட்லித் தட்டுதான் சரி. 12 முட்டைக்கு:

சின்ன வெங்காயம் 200 கிராம் பொடியா நறுக்கி, பச்சை மிளகாய் 4, கறிவேப்பிலையோடு ரெண்டு ஸ்பூன் எண்ணெயில் ஈரம் வற்றும் வரை வதக்கி ஆற விடுங்க. பச்சையாப் போட்டால் வெங்காயம் தண்ணி விட்டு, அதைச் சுற்றி முட்டை சேராமல் நிற்கும். தக்காளியைத் தவிர்ப்பது நல்லது. போட்டே ஆகணும்னா விதையும் சாறும் எடுத்துட்டுப் போடுங்க. உப்பு தலைதட்டி 1 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், பால் 120 மில்லி.

முட்டையை ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைச்சுப் பார்த்துப் பெரிய பாத்திரத்தில் விடுங்க. 47 நல்ல முட்டையில் ஒரு கெட்டது விழுந்தால் மொத்தமும் போச்சு. மிக்ஸியில் நுரைக்க அடிக்காதீங்க. நுரை அப்படியே வெந்து ஓட்டை ஓட்டையா நிற்கும். முள்கரண்டியால் வெள்ளை தனியாத் தெரியாத அளவுக்குக் கலக்கினால் போதும்.

குழியில் நல்லெண்ணெய் தாராளமாத் தடவணும், துணி போடக் கூடாது. முக்கால் குழி ஊற்றுங்க. 12 முட்டைக் கலவை 16 குழிக்கு ஏறக்குறைய சரியா வரும், ஆக 48 முட்டைக்கு 4 ஈடு. மூடிக்கு அடியில் ஒரு துண்டு கட்டிடுங்க, ஆவித் தண்ணி மேலே சொட்டாது. தண்ணி கொதிச்ச பிறகு தட்டை இறக்கி, மிதமான தீயில் 8 முதல் 10 நிமிஷம். இட்லிக்கு வைக்கிற மாதிரி முழுத் தீயில் வெச்சால் உப்பி எழும்பி, இறக்கினதும் அமுங்கிச் சுருங்கிடும். நடுவில் குத்தின குச்சி ஈரமில்லாமல் வந்தால் அணைச்சு, 2 நிமிஷம் விட்டு ஸ்பூனால் ஓரம் கிளப்புங்க.

இதை முதல் நாளே முடிச்சுடலாம். தட்டில் பரப்பி ஆற விட்டு, ஆறினதும் மூடி ஃபிரிட்ஜில் வைங்க. அங்கே 3 நாள் தாங்கும். காலையில் குறுக்கே ரெண்டா வெட்டி, வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி நெய் தடவின தோசைக்கல்லில் போட்டு மூடி வைங்க. உள்ளே வரைக்கும் சூடேறணும், பிறகு திருப்பி மேலே மிளகு தூவி எடுங்க. ஆம்லெட் வாசனையே அந்தச் சிவந்த பக்கத்தில்தான் இருக்கு. வெறும் ஆவியில் வெந்ததுக்கு அது கிடையாது.

வெங்காயத்தாள்

மேலே சொன்ன அதே கலவை ஓடிஜிக்கும் பொருந்தும். 9 அங்குலச் சதுர டிரேயில் 12 முட்டைக் கலவை ஒன்றரை செ.மீ. உயரம் நிற்கும். அடியிலும் பக்கத்திலும் பட்டர் பேப்பர் போட்டு, எண்ணெய் தடவி, முன்கூட்டியே சூடு பண்ணின அடுப்பில் 170 டிகிரி, 20 முதல் 25 நிமிஷம். ஓரம் கெட்டியாகி, நடுவில் லேசா ஆட்டம் இருக்கும்போதே எடுங்க. வெளியே வந்த பிறகு 5 நிமிஷத்தில் தானே இறுகிடும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 71 டிகிரி தொட்டதும் எடுக்கலாம். 6 துண்டு போட்டால் ஆளுக்கு ஒன்று, பிரெட்டுக்கு நடுவில் கச்சிதமா உட்காரும்.

ஆனால் 24 பேருக்கு 4 டிரே வேணும். ஒரு ஓடிஜியில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். பாதியை இதிலும் பாதியை இட்லித் தட்டிலும் போடுவதுதான் நடக்கிற காரியம்.

சூட்டிலேயே ரொம்ப நேரம் வெச்சால் பச்சை கலந்த சாம்பல் நிறம் தட்டும். வெள்ளையில் உள்ள கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் சேர்வதால் வருவது. கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நல்லா இருக்காது. கலவையில் எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன் விட்டால் மட்டுப்படும். மஞ்சள்தூள் மீதியை மறைச்சுடும்.

கல்லுத்தோசை

ரெண்டு பேரும் சொல்வது சரிதான், ஆனால் அதெல்லாம் ஆம்லெட்டுக்குச் சித்தப்பா பிள்ளைதான். மெல்லிசா, ஓரம் மொறுமொறுன்னு வேணும்னா கல்லில்தான் ஊற்றணும். முன்கூட்டியே செய்ய வேண்டியது சமையலை இல்லை, தயாரிப்பை.

ராத்திரி முட்டை, உப்பு, பால் மட்டும் கலக்கி மூடி ஃபிரிட்ஜில் வைங்க. ஆழமான ஒரே குண்டாவில் வேண்டாம், குளிர ரொம்ப நேரம் எடுக்கும். அகலமான ரெண்டு மூன்று டப்பாவில் பிரிச்சு வைங்க. காலையில் நிறம் கொஞ்சம் கருத்து, கலவை இளகினாற்போலத் தெரியும். உப்பு செய்கிற வேலை அது, கெட்டுப் போகலை. சொல்லப்போனால் உப்பு முன்னாடியே சேர்ந்தால் ஆம்லெட் மிருதுவாவே வரும். வதக்கின வெங்காயத்தை வேறு டப்பாவில் வெச்சு, ஊற்றும் முன்னாடி கலக்குங்க.

இன்னொரு தோசைக்கல் இரவல் வாங்கி ரெண்டு பர்னரிலும் போடுங்க. டம்ளரில் 130 மில்லி அளந்து ஊற்றினால் ஒரு ஆள் பங்கு. ஒவ்வொரு தடவையும் அடிவரைக்கும் கலக்கிட்டு ஊற்றணும், வெங்காயமும் மிளகும் கீழே தங்கிடும். ஒன்றுக்கு இரண்டரை நிமிஷம்னு வெச்சால் ரெண்டு கல்லில் 24 முடிய அரை மணி நேரம். ஏழரைக்கு ஆரம்பிச்சு, டிரேயில் ஒற்றை வரிசையாப் பரப்பி, 80 டிகிரியில் ஓடிஜிக்குள் வைங்க. ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீங்க.

பால்கோவா

நன்றி. ராத்திரி வேலை முடிவது நல்லது, அதனால் இட்லித் தட்டு வழிதான் எடுக்கப்போறேன். ரெண்டு சந்தேகம்: வெங்காயம் சாப்பிடாதவங்க நாலு பேர் உண்டு. மிச்சமானதை ஃப்ரீஸரில் போடலாமா?

இட்லிக்குண்டான்

வெங்காயம் இல்லாததை முதல் ஈடாகப் போட்டுடுங்க, கரண்டி கலக்காது. 8 முட்டைக்கு முக்கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவா உப்பு, அரை டீஸ்பூன் மிளகுத்தூள், நிறைய கொத்தமல்லி. வெங்காயத்தின் கனம் இல்லாததால் பாலை 60 மில்லியாக் குறைங்க, இல்லைன்னா குழைஞ்சு தட்டிலிருந்து கிளம்பாது.

ஃப்ரீஸர் பரவாயில்லை, ஒரு மாசம் வைக்கலாம். துண்டுகள் ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய வெச்சு, பிறகு டப்பாவில் போடுங்க. எடுக்கும்போது முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் துணியால் ஈரம் ஒற்றிட்டுக் கல்லில் போடுங்க. ஆனால் மேசையில் பந்தி முழுக்க உட்கார்ந்திருந்ததை மட்டும் ஃப்ரீஸருக்கு அனுப்பாதீங்க. தேவைக்குத் தக்கன எடுத்துச் சூடு பண்ணி, மீதியை ஃபிரிட்ஜிலேயே விட்டு வைங்க.